புல் மலைக்கு மூன்று வழிகள்

போன மாதம் தர்ஷினி போன் எடுத்தாள். நான் ஓய்வுபெற்றபோது என் கதிரைக்கு வந்தவள். இப்போது அந்தக் கதிரையும் இல்லையாம்.

"அன்ரி, எங்கட செக்‌ஷனை மூடுகினம். இனி ஆக்கள் நடக்கேக்க அவையின்ர போனிலயே ரூட் பதிவாகுமாம். அதை அப்படியே போடுவினமாம். செக் பண்ண ஆள் தேவையில்லையாம்."

"சரி" என்றேன்.

"என்ன சரி? உங்களுக்குக் கவலையில்லையோ?"

"எனக்குக் களைப்பாக் கிடக்கு பிள்ளை. கவலைப்பட ஏலாது."

அவள் விடவில்லை. இப்படி ஒரு வேலை இருந்தது, அதை இப்படித்தான் செய்தோம் என்று நான் எழுதித் தரவேண்டும் என்றாள். "அந்த மலையைப் பற்றியும் எழுதுங்கோ" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆகவே எழுதுகிறேன்.

மலைநடைக்காரர்களுக்கான வழிகாட்டிப் புத்தகங்களை வெளியிடும் சிறு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடங்கள் வேலை செய்தேன். லண்டன் நகரத்தின் நடுவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஜன்னலால் பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் தெரியும். அங்கே இருந்துகொண்டு வேல்ஸ், ஏரி மாவட்டம், ஸ்கொட்லாந்து என்று எல்லா மலைகளின் பாதைகளையும் சரிபார்ப்பது என் வேலை. குட்மேய்ஸிலிருந்து காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவேன். மலை ஏறியதில்லை. ஏறச் சொல்லி ஒருவரும் கேட்டதுமில்லை.

நான் பிறந்த இடத்தில் மலை கிடையாது. யாழ்ப்பாணத்தில் உயரத்துக்குப் போக வேண்டுமென்றால் மாடிப்படி ஏற வேண்டும், அல்லது பனை ஏற வேண்டும். அங்கே நாலு வருடம் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் படிப்பித்தேன். கரும்பலகையில் சமவுயரக் கோடுகளை வளையம் வளையமாகக் கீறி, கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு என்று சொல்லிக் கொடுப்பேன். பிள்ளைகளும் மலை கண்டதில்லை, நானும் கண்டதில்லை. பிறகு சண்டை, கொழும்பு, லண்டன். இங்கே வந்து பிள்ளை வளர்த்தேன், கடையொன்றில் காசு மேசையில் இருந்தேன், மாலை வகுப்பில் அச்சுப்பிழை திருத்தப் படித்தேன். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தபோது, வரைபடம் வாசிக்கத் தெரியும் என்ற ஒரு வரிக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவள் ஹெலன். எங்கள் பிரிவின் தலைவி. ஐம்பது வயதுக்காரி, ஒல்லி, நரைத்த தலைமயிரை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருப்பாள். மலைக்காரி. வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி எங்கேயாவது ஏறிவிட்டுத் திங்கள் காலை நேராக அலுவலகம் வருவாள். சப்பாத்தில் சேறு காய்ந்திருக்கும். சத்தம் போட்டு அவள் பேசியதை நான் கேட்டதில்லை. பிழை என்ற சொல்லையும் பாவிக்கமாட்டாள். நான் சரிபார்த்துக் கொடுத்த தாள்களை எழுந்து நின்று வாசிப்பாள். ஒரு கையில் தாள், மறு கை விரல் மேசையில் விரித்த வரைபடத்தில். விரல் வழி நெடுக ஊர்ந்து போகும். எங்காவது தடுமாறினால் பென்சிலால் ஓரத்தில் எழுதுவாள்: "இங்கே நான் தொலைந்துபோனேன்." அவ்வளவுதான். முதல் வருடம் என் தாள்களில் அவள் ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு தரம் தொலைந்தாள். ஐந்தாம் வருடம் மாதத்துக்கு ஒருதரம்.

சரிபார்க்கும் முறையைச் சொல்கிறேன். எழுத்தாளர் வழி விபரிப்பை அனுப்புவார். நாங்கள் முதலில் வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, அவர் சொன்னபடி வழியைப் பென்சிலால் கீறுவோம். கீறும்போது வரைபடத்தை நடக்கும் திசைக்குத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் இடம் வலம் மாறிவிடும். மனிதர்கள் வழி எழுதும்போது அதிகம் பிழைவிடுவது அதில்தான். வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறவருக்கு இறங்கும்போது இடது எது என்று குழம்பும். பிறகு தூரத்தை அளப்போம். அதற்கு வரைபடத்தில் உருட்டிப் போகும் ஒரு சின்னச் சில்லு வைத்த கருவி இருந்தது. அது பழுதானால் நூல். பிறகு வழி எத்தனை சமவுயரக் கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணி ஏற்றத்தைக் கணக்கிடுவோம். பாலம், கேற், மதில் எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்போம். சந்தேகம் வந்த இடங்களை எண் போட்டு ஒரு கேள்வித்தாளில் எழுதுவோம். எழுத்தாளர் பதில் எழுதி அனுப்புவார். பதில் போதுமென்றால் பக்கத்தில் கையெழுத்து வைத்து அந்தக் கேள்வியை மூடுவோம். மூடிய கேள்வியை யாரும் திரும்பத் திறப்பதில்லை.

அந்த மலையின் பெயரை எழுதமாட்டேன். அந்தப் பகுதியில் ஏரியை லொக் என்பார்கள். நீளமான ஒரு லொக்கின் கரையிலிருந்து எழும்பும் மலை. பாறை அதிகமில்லை. அடியிலிருந்து உச்சிவரை புல். எழுத்தாளர் கோர்டன் என்பவர் அதற்கு மூன்று வழிகள் எழுதியிருந்தார். முதலாவது, பண்ணை ஒன்றிலிருந்து தெற்குத் தோள் வழியாக நீளமாக, சோம்பலாக ஏறுவது. இரண்டாவது, பள்ளத்தாக்கைச் சுற்றி மூன்று உச்சிகளைத் தொட்டு வருவது. மூன்றாவது, லொக் கரையிலிருந்து நேரே மேலே. அந்த மூன்றாவதைப் பற்றி, ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் நல்லது, முதலாவது வழியால் ஏறி இதன் வழியே இறங்கினால் அழகான ஒரு சுற்று என்று எழுதியிருந்தார்.

நான் கேள்வித்தாளில் ஏழாவதாக எழுதினேன்: "மூன்றாவது வழி. உச்சிக்குக் கீழே நடுப்பகுதியில் சமவுயரக் கோடுகள் மிக நெருக்கம். இறங்குவதற்கு இது பொருத்தம்தானா?"

கோர்டன் பதில் எழுதினார்: "புல்தான். பாறை கிடையாது."

நான் கையெழுத்து வைத்தேன்.

அன்றைக்கு அவசரம் ஒன்றுமில்லை. யாரும் என்னை நெருக்கவில்லை. புல் என்றதும் எனக்குப் புல் வந்தது. பூங்காவில் பிள்ளைகள் உருண்டு விளையாடும் புல். அதில் விழுந்தால் என்ன ஆகும்? பாறை என்று எழுதியிருந்தால் இன்னொரு முறை கேட்டிருப்பேன்.

புத்தகம் வெளிவந்து இரண்டாவது வசந்தத்தில் ஒரு தம்பதி அந்த மலைக்குப் போனார்கள். வார்ட் என்று பெயர். விம்பிள்டன் பக்கம் இருந்தவர்கள். இரண்டு பேரும் ஓய்வுபெற்றவர்கள். முதலாவது வழியால் ஏறினார்கள், மூன்றாவதால் இறங்கினார்கள். காலையில் மழை பெய்திருந்தது. கணவர் வழுக்கினார். புல்லில் வழுக்கியவர் நிற்கவில்லை. அடியில் ஓடையொன்றின் கரைவரை போனார். அவர் இறந்துவிட்டார்.

விசாரணையில் அதை விபத்து என்றுதான் முடித்தார்கள். ஆனால் பத்திரிகைச் செய்தி ஒன்றில் அவர்கள் வழிகாட்டிப் புத்தகத்தைப் பின்பற்றியதாக ஒரு வரி இருந்தது. அதை வெட்டி யாரோ அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, இது சம்பந்தமாக யார் கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது, வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்றார். அன்று மாலை நான் அந்தக் கேள்வித்தாளைத் தேடி எடுத்தேன். ஏழாவது கேள்வி. பதில். என் கையெழுத்து. என் எழுத்து வடிவாகத்தான் இருந்தது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் அறையில் வேலை பார்த்தவர். எதற்கும் பதறாத மனிதர்.

"நீர் கேட்டனீர்தானே" என்றார். "அந்த மனிசன்தானே பிழையாச் சொன்னவர்."

"கேட்டனான். பிறகு மூடினனான்."

"அதுக்கு நீர் என்ன செய்யிறது? மலைக்குப் போய்ப் பாக்கிறதோ?"

சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அந்த நாட்களில் படுத்தால் எழும்ப மனம் வராது. ஆனாலும் காலையில் எழும்பி ரயிலேறிப் போய் இன்னொரு மலையின் கோடுகளை எண்ணினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, ஹெலன் அச்சகத்துக்குப் போயிருந்தாள். வரவேற்பு மேசையிலிருந்து அழைப்பு வந்தது. மிஸிஸ் வார்ட் என்று ஒரு பெண் வந்திருக்கிறார், உங்கள் பிரிவில் யாரையாவது பார்க்க வேண்டுமாம். முதலாளியின் அறைக்குத் தகவல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே இறங்கிப் போனேன்.

உயரமான பெண். மழைக்கோட்டைக் கழற்றாமல் இருந்தார். சின்ன அறை ஒன்றில் இருத்தி, தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவர் பையிலிருந்து எங்கள் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஈரத்தில் ஊதிப்போய், காய்ந்து, பக்கங்கள் நெளிந்து இருந்தது.

"இதை எழுதியவர் நீங்களா?"

"இல்லை. நான் சரிபார்த்தவள்."

"சரிபார்ப்பது என்றால் என்ன செய்வீர்கள்?"

தாள் விரிப்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒன்றும் கேட்காமல் கேட்டார். நல்ல ஆசிரியை மாதிரி இருந்தார். முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடத்தில் என்ன பார்த்தீர்கள்?"

நான் எழுந்து மேலே போனேன். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டு வரிக் கேள்வியையும் மூன்று சொல் பதிலையும் வாசிக்க அவருக்கு நிறைய நேரம் எடுத்தது.

"நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்."

"கேட்டேன்."

"பக்கத்தில் இருக்கும் இந்தக் கையெழுத்து?"

"என்னுடையது. பதில் போதும் என்று அர்த்தம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேலே நின்றபோது எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். "வந்த வழியாலேயே போகலாம் என்று பீற்றரிடம் சொன்னேன். அவர் புத்தகத்தை எடுத்து இன்னொரு முறை வாசித்தார். 'வெறும் புல்தான்' என்று சொன்னார்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் அந்த அறைக்குச் சின்னதாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

முதலாளிக்குத் தெரியவர அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. மறுநாள் எனக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஹெலன் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"வேலை போகக்கூடும் என்று தெரிந்துதானே காட்டினாய்?"

"ஓம், தெரியும்." அவளிடமும் தமிழில் ஓம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அது பழகிப்போன சொல்.

அவள் கேள்வித்தாளைக் கேட்டு வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் வைத்து, அன்றைய திகதியைப் போட்டாள்.

"உனக்குப் பிறகு நானும் வாசித்தேன், மனோ. அந்த இடத்தில் நான் தொலையவில்லை. தொலைந்திருக்க வேண்டும்."

அந்தத் தாளின் பிரதி ஒன்றை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை. எச்சரிக்கைக் கடிதம் என் அலுவலகக் கோப்பில் இருந்தது, வேலையும் இருந்தது. மிஸிஸ் வார்ட் வழக்குப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று எங்களுக்குத் தெரியாது.

செப்டெம்பரில் ஹெலன் என்னை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கேட்கவில்லை, டிக்கெட்டை என் மேசையில் வைத்தாள். நான் இல்ஃபோர்டில் மலைச் சப்பாத்து வாங்கினேன். இவர் பார்த்துவிட்டு, "உண்மையாவே மலைக்குப் போறீரோ?" என்றார். "போறன்" என்றேன். மழைக்கு உதவும் என்று தன்னுடைய வேலை ஜக்கற்றைத் தந்தார்.

யூஸ்டனில் ரயிலேறிக் கிளாஸ்கோ, அங்கிருந்து வாடகைக் கார். மறுநாள் காலை பண்ணையருகே காரை நிறுத்தினாள். மெல்லிய மழை, முகில் கீழே இறங்கியிருந்தது. முதலாவது வழியால் ஏறினோம். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இருபது அடிக்கு ஒருதரம் நின்றேன். ஹெலன் எனக்கு முன்னால் போகவேயில்லை, பின்னால் வந்தாள். நான் நின்றால் நின்றாள். பதினொரு வருடம் நான் விரலால் கடந்த தூரம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் என் முழங்காலுக்குத் தெரிந்தது. வரைபடத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கு நான் ஒரு மணித்தியாலம் எடுத்தேன் என்றே நினைக்கிறேன். என் சப்பாத்துகளைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

உச்சியில் முகில் விலகியது. கீழே லொக், ஈயத் தகடு மாதிரி. காற்று ஜக்கற்றுக்குள் புகுந்து அடித்தது. மூன்றாவது வழி தொடங்கும் இடத்துக்கு ஹெலன் என்னைக் கூட்டிப்போனாள்.

"இங்கிருந்து என்ன தெரிகிறது?"

"லொக் தெரிகிறது."

"இதற்கும் லொக்குக்கும் இடையில்?"

பார்த்தேன். காலடியில் மெதுவாகச் சரியும் புல், அதற்கப்பால் நேரே தண்ணீர். நடுவில் ஒன்றும் தெரியவில்லை. மேலே மென்மையாகத் தொடங்கிக் கீழே போகப் போகச் செங்குத்தாகும் சரிவு. உச்சியில் நிற்பவருக்கு அதன் நடுப்பகுதி தெரியாது. குவிவுச் சரிவு என்று அதற்குப் பெயர். அதைக் கரும்பலகையில் கீறி, உச்சியில் ஒரு சின்ன மனிதனையும் கீறி, அவனுக்குக் கீழே நிற்பவன் தெரியமாட்டான் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான் நாலு வருடம் படிப்பித்திருக்கிறேன்.

இறங்கிப் பார்க்கிறேன் என்றேன். ஹெலன் தடுக்கவில்லை. "நான் நில் என்றால் நில்" என்றாள். முதல் முப்பது அடி ஒன்றுமில்லை. பிறகு சப்பாத்தின் குதி புல்லில் பிடிக்காமல் போனது. அந்தப் புல் நீளமானது, ஈரத்தில் கீழ்நோக்கிப் படுத்திருந்தது. சவர்க்காரம் பூசிய மாதிரி. ஒரு கால் போனது, புல்லில் குந்திவிட்டேன். இருந்தபடியே இன்னும் ஒரு முழம் வழுக்கினேன். கையில் அகப்பட்ட புல்லைப் பிடித்தேன். அது வேரோடு வரவில்லை, கைக்குள்ளால் நழுவியது. குதியை மண்ணில் குத்தி ஒருமாதிரி நின்றேன். கீழே இப்போது நடுப்பகுதி தெரிந்தது.

"மனோ, கீழே பார்க்காதே. திரும்பு. வயிறு புல்லில் படட்டும். முழங்காலால் வா."

வந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே வந்து சேர்ந்தபோது ஹெலன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தாள். அதைக் குடித்துவிட்டு நான் அழுதேன். அவள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மதில் இருக்கும் பக்கத்தால் போவோம்" என்றாள். வந்த வழியாலேயே இறங்கினோம்.

அன்று மாலை தங்கியிருந்த வீட்டில் புதிய விபரிப்பை எழுத உட்கார்ந்தோம். நான் நீளமாக எழுதினேன். ஹெலன் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இறங்கும் பகுதியைக் காலையில் யாரும் வாசிப்பதில்லை. களைத்து, நனைந்து, வீட்டுக்குப் போக வேண்டும் என்று நிற்கும்போதுதான் வாசிப்பார்கள். அப்படி ஒருவருக்கு எழுது."

அப்படி ஒருத்தியாகத்தான் நானும் அப்போது இருந்தேன். மூன்று வரி எழுதினேன்: "லொக் பக்கம் இறங்க வேண்டாம். சரிவின் நடுப்பகுதி மேலிருந்து தெரியாது, ஈரப் புல்லில் நிற்க முடியாது. ஏறிய வழியாலேயே திரும்புங்கள்."

கோர்டன் ஒப்புக்கொள்ளவில்லை. போனில் ஹெலனிடம் கத்தியது என் மேசைவரை கேட்டது. வாழ்நாள் முழுக்க அந்த வழியால்தான் இறங்கி வருகிறேன், லண்டனில் கதிரையில் இருப்பவர்கள் எனக்கு மலை சொல்லித் தருகிறார்களா என்றார். குறைந்தது "ஈரமான நாட்களில்" என்றாவது சேர்க்கும்படி கேட்டார். ஹெலன் அவர் சொல்லி முடியும்வரை பொறுத்திருந்தாள். "இல்லை, கோர்டன். அங்கே எந்த நாளும் ஈரம்தான்" என்றாள். போனை வைத்த பிறகு அவள் முகத்தில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை. அவருடன் இருபது வருடம் மலையேறியவள் அவள். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

புதிய பதிப்பில் மூன்றாவது வழி இல்லை. வெளிவந்ததும் ஒரு பிரதியை மிஸிஸ் வார்ட்டுக்கு அனுப்பினேன். கடிதம் எழுத நாலு தரம் உட்கார்ந்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் என் பெயரை மட்டும் ஒரு துண்டில் எழுதி, அந்தப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை.

அடுத்த வருடம் கோடை முடியும்போது எனக்கு ஒரு தபாலட்டை வந்தது. நேரான, சின்ன எழுத்து.

"உங்கள் புதிய பதிப்பில், முதலாவது வழியில், இரண்டாவது கேற்றைத் தாண்டியதும் பாதை மதிலுக்கு வலப்பக்கம் என்று போட்டிருக்கிறீர்கள். அது இடப்பக்கம். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. மேலே தனியாக ஒரு மணித்தியாலம் இருந்தேன். பிறகு ஏறிய வழியாலேயே இறங்கினேன். எலிசபெத் வார்ட்."

ஹெலனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"நாங்களும் அந்தக் கேற்றால்தானே போனோம்" என்றாள்.

"போனோம். நான் காலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்."

"நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்."

அடுத்த அச்சில் வலப்பக்கத்தை இடப்பக்கமாக மாற்றினோம். நான் ஓய்வுபெறும்வரை அந்தப் புத்தகம் இன்னும் ஐந்து தரம் அச்சானது. ஒவ்வொரு முறையும் வாசகர் கடிதங்களில் அந்த மலையின் பெயரைத் தேடிப் பார்ப்பேன். ஒருவரும் எழுதவில்லை.